டெபெஷ் மோடை எந்த வரிசையில் கேட்பது?

டெபெஷ் மோட் என்ற பிரிட்டிஷ் எலக்ட்ரானிக் இசைக்குழுவைக் கேட்க ஆசை, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்றால், முதல் ஆல்பத்தில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள். 1981-இல் வந்த 'ஸ்பீக் அண்ட் ஸ்பெல்' பாட்டுகளில் பெரும்பாலானவை வின்ஸ் கிளார்க் எழுதியவை, அவரோ அந்த வருஷமே குழுவை விட்டுப் போய்விட்டார். அதைக் கேட்டுவிட்டு "ஓ, துள்ளல் பாட்டுக் கோஷ்டி" என்று முடிவு கட்டினால், அதன் பிறகு குழுவின் இன்னொரு உறுப்பினர் மார்ட்டின் கோர் எழுதிய நாற்பது வருஷப் பாட்டுகள் கைவிட்டுப் போகும்.

1990-இல் வந்த 'வயலேட்டர்' தான் சரியான வாசல். ஹெட்போன் கட்டாயம் வேண்டும், போன் ஸ்பீக்கரில் இவர்களுடைய கீழ்ஸ்தாயி ஒலிகள் அப்படியே காணாமல் போய்விடும். முதலில் 'என்ஜாய் தி சைலன்ஸ்'. கோர் இதை வெறும் ஆர்மோனியத்தை வைத்து மெதுவான பாட்டாகத்தான் பதிவு செய்து கொண்டுவந்தார். வேகத்தைக் கூட்டி தாளம் சேர்க்கலாம் என்று சொன்னவர் குழுவில் கீபோர்டு வாசித்த ஆலன் வைல்டர், கோருக்கு முதலில் அது பிடிக்கவில்லை. இந்தப் பாட்டை மூன்று தடவை கேளுங்கள். முதல் தடவை பாடகர் டேவ் கஹானின் கனத்த குரலை மட்டும், அடுத்து குரலுக்கு நடுவே வந்து வந்து போகும் அந்தச் சின்ன கிடார் வரியை, மூன்றாவது தடவை எல்லாவற்றுக்கும் அடியில் கோயர் பாடுவதுபோல விரிந்து கிடக்கும் சின்தசைசரை. தாளத்தை மனதுக்குள் எடுத்துவிட்டுப் பாருங்கள், அந்த ஆர்மோனிய சோகம் இன்னும் உள்ளே இருப்பது தெரியும். எனக்கு இந்தக் குழுவைப் பிடித்துப்போனதே இதனால்தான்: மெஷின்களை வைத்து இத்தனை ஏக்கத்தைக் கொண்டுவர முடியும் என்று காட்டியவர்கள். அப்புறம் 'பர்சனல் ஜீசஸ்', அதில் தொம் தொம்மென்று விழும் அடி, வாத்தியப் பெட்டிகள் மேல் ஏறி மிதித்துப் பதிவு செய்தது.

சரி, இப்போது பின்னால் போகலாம். 1983-இன் 'கன்ஸ்ட்ரக்ஷன் டைம் அகெய்ன்' கேளுங்கள். கிழக்கு லண்டனில் கட்டுமான இடங்களுக்குப் போய் தகரத்தையும் குழாயையும் தட்டி, அந்த ஓசைகளைப் பதிவு செய்து கீபோர்டில் ஏற்றி வாசித்தார்கள். 'பைப்லைன்' பாட்டு முழுக்க அப்படிப் பொறுக்கிய ஓசைதான். அதே ஆல்பத்தில் 'எவ்ரிதிங் கவுண்ட்ஸ்' கேட்கும்போது யார் பாடுகிறார் என்று கவனியுங்கள், சரணம் கஹானுடையது, பல்லவிக்கு கோரின் மெல்லிய குரல் வரும். கடுமையாக ஒருவர், இளகலாக ஒருவர், பிற்பாடு பல பாட்டுகளிலும் இந்த ஜோடி கேட்கும்.

அதே பாட்டை '101' நேரடிப் பதிவில் திரும்பக் கேளுங்கள். 1988 ஜூன் 18, அமெரிக்காவில் பாசடீனாவின் ரோஸ் பவுல் மைதானம், சுமார் 60,000 பேர். குழு நிறுத்திய பிறகும் கூட்டம் பல்லவியைப் பாடிக்கொண்டே இருக்கும். எசெக்ஸ் மாகாணத்தின் பாஸில்டன் என்ற சின்ன ஊரிலிருந்து கிளம்பியவர்கள் இவர்கள், அதை நினைத்துக்கொண்டே கேட்டால் புல்லரிக்கும்.

நடுவில் 1986-இன் 'பிளாக் செலிப்ரேஷன்', ராத்திரியில் மட்டும். 1993-இன் 'சாங்ஸ் ஆஃப் ஃபெயித் அண்ட் டிவோஷன்' கிடாரும் நிஜ டிரம்ஸும் நிறைந்த முரட்டு ஆல்பம், அது முடிந்து வைல்டர் 1995-இல் விலகினார், அடுத்த வருஷம் கஹான் போதைமருந்தால் சாவின் விளிம்புவரை போய் மீண்டார். 1997-இன் 'அல்ட்ரா'வில் அந்தக் களைப்பு குரலிலேயே இருக்கிறது. அதற்கப்புறம் வந்தவற்றில் 'பிளேயிங் தி ஏஞ்சல்' போதும். நேராக 2023-இன் 'மெமென்டோ மோரி'க்கு வந்துவிடுங்கள். குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆண்டி ஃபிளெட்சர் 2022 மே மாதம் இறந்த பிறகு கஹானும் கோரும் இருவராக நின்று முடித்தது. பொறுமையாக, இடையில் நிறுத்தாமல் கேட்க வேண்டிய ஆல்பம்.

இதெல்லாம் ஆன பிறகு 'ஸ்பீக் அண்ட் ஸ்பெல்' போடுங்கள். 'ஜஸ்ட் கான்ட் கெட் எனஃப்'பின் அந்தத் துள்ளல் இப்போது வேறு மாதிரிக் கேட்கும். வின்ஸ் கிளார்க் அதன்பின் ஆலிசன் மோயேவுடன் யாஸூ, பிறகு இரேஷர் என்று வேறு குழுக்கள் தொடங்கி வேறு கிளையில் போனார், அதற்குத் தனியாக ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள்.