கத்திரி வெயிலில் பொதுத் தோட்டம்: தன்னார்வலருக்குச் சில குறிப்புகள்

சென்னையில் மே 4 வாக்கில் தொடங்கி அம்மாத இறுதிவரை நீளும் கத்திரி வெயிலில் அடுக்ககங்களின் பொதுத் தோட்டங்கள் வாடிப்போவதற்கு வெயில் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். பள்ளி விடுமுறை என்று ஆளாளுக்கு ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஞாயிறன்று பத்துப் பேர் கூடிக் குளம்போல் தண்ணீரைத் தேக்கிவிட்டுச் செல்ல, புதனன்று எட்டிப் பார்க்கவும் ஒருவர் இருப்பதில்லை. ஆகவே இம்மாதத்தில் தோட்ட வேலைக்கு வருபவர் முதலில் தண்ணீர் முறைப் பட்டியலில் தம் பெயரைச் சேர்த்துக்கொள்வது நல்லது. நாளுக்கு இருவர் பெயர் இருந்தால் ஒருவர் ஊருக்குப் போனாலும் முறை தவறாது. தண்ணீர் விட்டவர் எந்தெந்தப் பாத்திக்கு விட்டார் என்பதைக் குழாயருகே தொங்கும் சிலேட்டில் எழுதிவிட்டுப் போகட்டும். வாட்ஸ்அப் குழுவில் எழுதினால் காலை வணக்கப் படங்களுக்கிடையே அது காணாமல் போய்விடுகிறது.

காலை ஏழு மணிக்குள் தண்ணீர் விட்டு முடித்துவிட வேண்டும். மாலையில்தான் முடியும் என்றால், பகலெல்லாம் வெயிலில் கிடந்த குழாயிலிருந்து முதலில் வரும் நீர் கையைச் சுடும் என்பதால் அதை வாளியில் பிடித்து ஆறவைத்துவிட்டுப் பிறகு பாத்திக்குத் திருப்புங்கள். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் நுழைத்துப் பார்த்து, ஈரம் தட்டுப்பட்டால் அந்தப் பாத்தியை அன்றைக்கு விட்டுவிடலாம். நண்பகலில் பீர்க்கன், பூசணி இலைகள் துவண்டு தொங்குவதைக் கண்டு பதற வேண்டாம், பொழுது சாய்ந்ததும் அவை நிமிர்ந்துகொள்ளும். விடியற்காலையிலும் துவண்டே கிடந்தால்தான் கவனிக்க வேண்டும். வைக்கோலோ காய்ந்த சருகோ கொண்டு நான்கு விரற்கடை கனத்துக்கு மூடாக்குப் போட்டால் ஈரம் நிற்கும். அது தண்டை ஒட்டாமல் சற்று விலகியிருக்கட்டும்.

வெண்டையை ஒன்றுவிட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். நுனியை வளைத்தால் ஒடியாத முற்றிய காயைக் குழம்புக்குக் கொடுக்காமல் விதைக்கு விட்டுவிடுங்கள். தக்காளியில் பூ உதிர்வது பெரும்பாலும் சூட்டினால் என்பதால் உரத்தைக் கொட்டிப் பயனில்லை. கத்தரி இலையின் அடிப்புறத்தில் மெல்லிய நூலாம்படையும் வெளிறிய புள்ளிகளும் தென்பட்டால் அது இலைச்சாற்றை உறிஞ்சும் செம்பேன் என்ற நுண்ணிய சிலந்திப்பேனாக இருக்கக்கூடும். முதலில் இலையின் அடிப்புறத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துப் பார்த்துவிட்டு, அடங்காவிட்டால் ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து பொழுது சாய்ந்தபின் தெளிக்கலாம். காலை பத்து மணி வெயிலில் அதைத் தெளித்து ஒரு பாத்திக் கத்தரியைக் கருகவிட்டவன் நான்.

காலை ஒன்பது மணிக்குமேல் வெயில் தாழும்வரை யாரும் தோட்டத்தில் நிற்க வேண்டாம். உப்பிட்ட நீர்மோர் ஒரு பானை நிழலில் இருக்கட்டும். தலை சுற்றினால் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும்.

அறுவடை முடிந்து சும்மா கிடக்கும் பாத்திக்கு இந்த வெயில் பெரும் உதவி. மண்ணைக் கொத்திச் சமப்படுத்தி, நன்றாக நனைத்து, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை மண்ணோடு படியுமாறு விரித்து, ஓரங்களை மண்ணில் புதைத்து நான்கு முதல் ஆறு வாரம் விட்டால், களை விதைகளும் வேரில் முடிச்சு உண்டாக்கும் நூற்புழுக்களும் சூட்டிலேயே பெருமளவு மடியும். ஜூன் நடுவில் தாளை எடுத்து மக்கிய எருவைக் கலந்துவைத்தால், ஆடிப்பட்டத்துக்குப் பாத்தி தயார்.