கட்டடப் பிரிவு எடுத்தவர்கள் செய்யக்கூடாத தவறுகள்

தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்புகள் தொடங்கிய 1978-லிருந்தே தொழிற்கல்விப் பிரிவும் இருக்கிறது. அதில் ஒன்றான அடிப்படைக் கட்டடப் பொறியியலை நான் எடுத்தபோது, எங்கள் பெஞ்சில் பாதிப் பேர் ஒரே காரணத்துக்காக வந்திருந்தோம்: கணக்கு வராது. தவறு அங்கேயே தொடங்கிவிட்டது.

கணக்குக்குப் பயந்து வந்தவனை மதிப்பீட்டுப் பாடம் பிடித்துக்கொள்ளும். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 20 செ.மீ. கனத்தில் ஒரு சுவர். கன அளவு 2.4 கன மீட்டர். கலவையோடு சேர்த்து 20×10×10 செ.மீ. இடம் பிடிக்கும் செங்கல் என்றால் கன மீட்டருக்கு 500. மொத்தம் 1,200 என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுவோம். அந்தச் சுவரில் 1 மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரத்தில் ஒரு கதவு இருப்பது கேள்வியிலேயே இருக்கும். அதைக் கழித்தால் 990தான். தேர்வில் மதிப்பெண் குறையும், அவ்வளவுதான். வேலையிடத்தில் மிஞ்சிக் கிடக்கும் 210 செங்கலுக்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு, செய்முறை நோட்டை முந்தைய வருடத்து அண்ணன்களின் நோட்டைப் பார்த்து எழுதுவது. ஈர மணல் உப்பும் என்று நாங்கள் எல்லோரும் படம் போட்டு எழுதியிருந்தோம். மணலைத் தொட்டவர் ஒருவருமில்லை. செய்து பார்க்க ஒரு கண்ணாடி டம்ளர் போதும். லேசாக ஈரமான மணலைத் தளரக் கொட்டி, உயரத்தைக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மணல் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றிக் கிளறி அடங்க விடுங்கள். மணல் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும். மணிகளைச் சுற்றிய மெல்லிய நீர்ப்படலம் அவற்றை விலக்கி வைத்திருந்தது. முழுக்க நனைந்ததும் அந்தப் பிடி விட்டுப்போகிறது. இதைக் கண்ணால் பார்த்தவன், மழை பெய்த மறுநாள் 1:6 கலவைக்கு (ஒரு பங்கு சிமெண்ட், ஆறு பங்கு மணல்) மணலைச் சட்டியால் அளந்து போடும்போது ஒரு நிமிடம் யோசிப்பான். யோசிக்காதவனின் கலவையில் மணல் குறைந்து, சிமெண்ட் மூட்டைக் கணக்கு உதைக்கும்.

தரையின் மேடு பள்ளத்தைக் கருவி வைத்து அளக்கும் மட்டம் பார்ப்பதிலும் இதே கதை. தரையில் நிறுத்திய அளவுகோலில் கருவி வழியே தெரியும் அளவு கூடினால் அங்கே தரை தாழ்வு என்பதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டவர்கள் அதிகம். கோலை நேராகப் பிடிக்காமல் சாய்த்தாலும் அளவு கூடிவிடும். முன்னும் பின்னும் மெல்ல ஆட்டச் சொல்லி, கிடைப்பதில் மிகக் குறைந்த அளவை எழுத வேண்டும். கடைசியில் கூட்டிப் பார்க்கும் சரிபார்ப்பு ஒத்துவராவிட்டால் நடுவில் ஓர் எண்ணைத் திருத்திவிடுவது பள்ளிக்கூட வழக்கம். நானும் செய்திருக்கிறேன்.

புத்தகத்தின் பேச்சோடு நின்றுவிடுவதும் தவறு. பாடம் மீட்டரில் நடக்கிறது. மேஸ்திரி அடியிலும் நூலிலும் பேசுகிறார். எட்டு நூல் ஓர் அங்குலம். அவர் "நாலு நூல் கம்பி" என்றால் புத்தகத்தின் 12 மி.மீ. கம்பி, "மூணு நூல்" என்றால் 10 மி.மீ. ஒரு யூனிட் ஜல்லி 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். கோடை விடுமுறையில் பத்து நாள் ஒரு வேலையிடத்தில் நின்றால் இரண்டு பேச்சும் வந்துவிடும். செருப்போடு போகாதீர்கள், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். சென்டரிங் பலகை ஆணிக்குப் படிப்பு தெரியாது.

கடைசியாக, விண்ணப்பம் போடும்போது நடக்கும் தவறு. இந்தப் பிரிவில் பிளஸ் டூ தேறியவர்கள் பாலிடெக்னிக்கில் கட்டடப் பொறியியல் டிப்ளமாவுக்கு நேரடியாக இரண்டாம் ஆண்டிலேயே சேரலாம். எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முதலாண்டில் சேர்ந்து ஒரு வாரம் கழித்து, பிளஸ் டூவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் எனக்கு சீனியராக வராந்தாவில் எதிரே வந்தபோதுதான் தெரிந்தது.