மருத்துவ மென்பொருளைப் புதுப்பிக்கும்போது அடையாள எண்ணை எப்போது மாற்ற வேண்டும்?

வாளையாற்றைத் தாண்டிக் கஞ்சிக்கோட்டில், இசிஜி அலையைப் படித்து இதயத்துடிப்பின் ஒழுங்கின்மையைச் சுட்டிக்காட்டும் மென்பொருளை எழுதும் சிறு குழுவில் பணிபுரிகிறேன். ஐரோப்பாவுக்குச் செல்லும் புதுப்பிப்புகளுக்கு யூடிஐ என்னும் தனித்துவச் சாதன அடையாளத்தை முடிவு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தபோது வகுத்துக்கொண்ட வழிமுறை இது. பொருள்களுக்கு அடையாள எண் ஒதுக்கும் ஜிஎஸ்1 அமைப்பில் உறுப்பினராகி எண் பெறும் வேலையை நீங்கள் முடித்துவிட்டதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

முதற்படி: யூடிஐயில் இரண்டு பகுதிகள் உண்டு. டிஐ என்பது இன்ன தயாரிப்பு என்று சொல்லும் நிலையான எண். பிஐ என்பது அதன் எந்தப் பதிப்பு என்று சொல்லும் மாறும் பகுதி. நம் நாட்டின் 2017 மருத்துவச் சாதன விதிகளில் 46ஆம் விதியும் இதே இரண்டு பகுதிகளைத்தான் குறிப்பிடுகிறது.

இரண்டாம் படி: எதை மாற்றுவது என்று முடிவு செய்யுங்கள். இங்கேதான் எங்கள் குழுவில் நீண்ட நாள் விவாதம் நடந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017/745 ஒழுங்குமுறை, ஆறாம் இணைப்பின் மூன்றாம் பகுதியில், மென்பொருளின் செயல்திறன், பாதுகாப்பு, பயன்பாட்டு நோக்கம், தரவுக்குப் பொருள் கொள்ளும் விதம் ஆகியவற்றுள் ஒன்றை மாற்றும் திருத்தத்துக்குப் புதிய டிஐ வேண்டும் என்கிறது. புதிய அல்லது திருத்திய அல்காரிதம், தரவுத்தள அமைப்பு, இயங்குதளம், கட்டமைப்பு, புதிய பயனர் முகப்பு, பிற கருவிகளோடு இணையும் புதிய வழி ஆகியவற்றையும் அதில் சேர்க்கிறது. பிழைத்திருத்தம், பாதுகாப்புக்காக அல்லாத பயன்பாட்டு வசதி, ஊடுருவல் தடுக்கும் பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்), வேக மேம்பாடு ஆகியவற்றுக்குப் புதிய பிஐ போதும்.

மின்கம்பியிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை நீக்கும் வடிகட்டியில் நான்கு வரிகளைத் திருத்தினால், பதிப்பு எண்ணில் கடைசி இலக்கம் மட்டுமே ஏறும். ஆயினும் அலையின் வடிவமும் அதன்வழி மென்பொருள் சொல்லும் முடிவும் மாறக்கூடும் என்பதால் அது திருத்திய அல்காரிதம், ஆகவே புதிய டிஐ. மாறாக, குறியாக்க நூலகத்தின் (தரவைப் பிறர் படிக்காதபடி மறைக்கும் ஆயத்த நிரல் தொகுப்பு) பாதுகாப்புப் பேட்ச் எத்தனை கோப்புகளைத் தொட்டாலும் புதிய பிஐ மட்டுமே. பதிப்பு எண் எவ்வளவு ஏறியது என்று பார்க்காதீர்கள். நோயாளியைப் பற்றி மென்பொருள் சொல்வது மாறுமா என்பதை முதலில் கேளுங்கள். அந்த விடையைக் காரணத்தோடு வெளியீட்டுக் குறிப்பிலேயே எழுதி வையுங்கள். தணிக்கையாளர் கேட்பது அதைத்தான்.

மூன்றாம் படி: சரிபார்ப்பு இலக்கம், அதாவது எண்ணில் பிழை நுழைந்தால் காட்டிக்கொடுக்கும் கடைசி இலக்கம். டிஐயாகப் பயன்படும், ஜிடிஐஎன் எனப்படும் 14 இலக்க ஜிஎஸ்1 பொருள் எண்ணில் முதல் 13 இலக்கங்களை இடமிருந்து 3, 1, 3, 1 என மாறி மாறிப் பெருக்கிக் கூட்டுங்கள். மாதிரி எண்ணான 0952123400001க்குக் கூட்டுத்தொகை 47. அடுத்த பத்தின் மடங்கு 50. எனவே கடைசி இலக்கம் 3. எக்செல்லில் இதைப் பராமரிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் முன்னால் இருக்கும் 0 சத்தமின்றி மறைந்துவிடும். நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் களஞ்சியத்தில் ஓர் எளிய உரைக்கோப்பே சிறந்தது. தொகுக்கும் ஸ்கிரிப்ட் அதிலிருந்து எண்ணை எடுத்துக்கொள்ளட்டும், கையால் யாரும் தட்டச்சு செய்யக்கூடாது.

நான்காம் படி: தொடக்கத் திரையிலோ ‘அபவுட்’ பக்கத்திலோ எளிதில் படிக்கத்தக்க எழுத்தில் காட்டுங்கள்: (01)09521234000013(8012)3.2.1. அடைப்புக்குறிக்குள் உள்ள 01 ஜிடிஐஎன்னையும் 8012 மென்பொருள் பதிப்பையும் குறிக்கின்றன, அவற்றை நீக்கிவிடாதீர்கள். திரையில் பார்கோடு கட்டாயமில்லை. ஒரே மருத்துவமனையில் ஒரு கணினியில் 3.2.0, பக்கத்து வார்டில் 3.2.1 ஓடும்போது, திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தால் பயோமெடிக்கல் பிரிவினர் தேடுவது இந்த வரியைத்தான்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த கொழிஞ்சாம்பாறைத் தம்பி ஒருவர், திரையே இல்லாமல் பின்னணியில் இயங்கும் மென்பொருளுக்கு என்ன செய்வது என்று கேட்டார். அதுவும் தன் யூடிஐயை ஏபிஐ (பிற மென்பொருள்கள் அதனிடம் தகவல் கேட்டுப் பெறும் இடைமுகம்) வழியாக அனுப்பக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அதே இணைப்பின் விதி. அதற்கென ஒரு தனி முகவரியை ஒதுக்கி, அது திருப்பித் தரும் வரியும் உரைக்கோப்பில் உள்ள வரியும் ஒன்றா என்று ஒவ்வொரு வெளியீட்டிலும் தானியங்கிச் சோதனை செய்யுங்கள், தம்பி. ஒன்றாக இல்லையென்றால் வெளியீட்டை நிறுத்திவிடுங்கள்.