டிஸ்லெக்சியா: கண்ணைக் குறை சொல்வதில் தொடங்கும் தவறுகள்

டிஸ்லெக்சியா என்பது வாசிக்கக் கற்பதில் தொடர்ந்து வரும் சிரமம். அது உள்ள பிள்ளைக்கு எழுத்தெல்லாம் தலைகீழாகத் தெரியும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். பழைய நம்பிக்கை இது. 1925-இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டன், மூளையின் இரு பாதிகளும் எழுத்தை எதிரெதிராகப் பதிந்துகொள்வதால் குழப்பம் வருகிறது என்று கருதினார். அன்றைக்கு அது நியாயமான ஊகம்தான். ஆனால் 1970-களில் அமெரிக்க உளவியலாளர் ஃபிராங்க் வெலுட்டினோ செய்த சோதனைகள் அதை ஆட்டம் காணவைத்தன. வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கு, அவர்கள் அறியாத ஹீப்ரு எழுத்துகளைக் காட்டி, நினைவிலிருந்து எழுதச் சொன்னார். ஹீப்ரு தெரியாத நல்ல வாசகர்கள் எந்த அளவுக்கு எழுதினார்களோ, அதே அளவுக்கு இவர்களும் எழுதினார்கள். வடிவத்தைப் பார்ப்பதில் குறை இருந்திருந்தால் இது நடந்திருக்காது. எழுத்தை இடவலம் மாற்றி எழுதுவது, புதிதாக எழுதப் பழகும் பிள்ளைகள் பலரிடமும் காணப்படுவதுதான்.

அப்படியானால் சிக்கல் எங்கே? பெரும்பாலானவர்களுக்கு ஒலியில். காது நன்றாகவே கேட்கும். ஆனால் சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைத் தனித்தனியாகப் பிரித்து, மாற்றி, சேர்ப்பது கடினம். 'பாடம்' என்ற சொல்லில் 'பா'வை எடுத்துவிட்டு 'மா' போட்டால் என்ன வரும் என்று வாயால் கேட்டுப் பாருங்கள். எழுத்தே இல்லாத இந்தக் கேள்வியிலும் அவர்கள் திணறலாம். பேச்சைப் போல வாசிப்பு தானாக வந்துவிடுவதில்லை. இடது மூளையின் பின்பகுதியில் எழுத்தை அடையாளம் காணும் இடமும், ஒலியைக் கையாளும் இடமும் பழகிப் பழகித்தான் இணைகின்றன. டிஸ்லெக்சியா உள்ளவர்கள் வாசிக்கும்போது இந்தப் பகுதிகள் குறைவாகவே இயங்குவதை மூளை ஸ்கேன்கள் காட்டியிருக்கின்றன.

எழுதியிருப்பதை அப்படியே வாசிக்கும் மொழிகளில் இந்தத் தொல்லை இல்லை என்பார்கள். அதுவும் சரியில்லை. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில் டிஸ்லெக்சியா உள்ள இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து நாட்டவர்களை ஒப்பிட்டார்கள். எழுத்தும் ஒலியும் நன்கு பொருந்தும் மொழி என்பதால் இத்தாலியர்கள் மற்றவர்களைவிடச் சரியாக வாசித்தார்கள். மூளையில் குறைவாக இயங்கிய பகுதி மட்டும் மூவருக்கும் ஒன்றே. இப்படிப்பட்ட மொழிகளில் டிஸ்லெக்சியா உள்ளவர்கள் செய்யும் தவறுகள் குறைவு, ஆனால் அவர்கள் வாசிக்கும் வேகமும் குறைவு. அதனாலேயே பிள்ளையின் சிரமம் யார் கண்ணிலும் படாமல் போகிறது.

இனி, எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. "எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தாலும் மறந்துடறான், சோம்பேறி" என்று சொல்லி, அதே சொல்லை ஐம்பது முறை எழுதவைப்பது. பொதுவாக ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலோ கேட்டாலோ மூளை அதற்குப் பழகிக்கொள்ளும். அடுத்தடுத்த முறை குறைவாக உழைத்தாலே போதும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கு இந்தப் பழகுதல் குறைவாக இருந்தது. அச்சிட்ட சொல்லில் மட்டுமல்ல, பேச்சிலும், பொருள்களின் படங்களிலும், முகங்களிலும்கூட. பார்த்த சொல்லே மறுபடி வரும்போதும் அந்த மூளையின் உழைப்பு மற்றவர்களுக்குக் குறையும் அளவுக்குக் குறைவதில்லை. இதைச் சோம்பல் என்பது அநியாயம். பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக, வெளிப்படையாக இணைத்துக் கற்பிக்கும் பயிற்சி வேண்டும். ஒலியைத் தொடாமல் கையை மட்டும் வலிக்கவைப்பது அதற்கு ஈடாகாது.

அப்புறம், வண்ணக் கண்ணாடி, கண் பயிற்சி என்று பணம் செலவழிப்பது. இவை டிஸ்லெக்சியாவைத் தீர்க்கும் என்பதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2009-லேயே அறிவித்துவிட்டது. பார்வைக் குறை இருந்தால் அதற்குச் சாதாரணக் கண்ணாடி போடுங்கள். அது வேறு விஷயம். அசைவைக் காணும் மூளைப் பகுதி இவர்களுக்கு மந்தமாக இருப்பதைக் காட்டி, பார்வைதான் காரணம் என்று சிலர் வாதிட்டதுண்டு. 2013-இல் ஓர் ஆய்வு இவர்களை, அதே வாசிப்புத் திறன் கொண்ட இளைய பிள்ளைகளோடு ஒப்பிட்டது. அந்த வேறுபாடு காணாமல் போனது. வாசிப்புப் பயிற்சி கொடுத்ததும் அந்தப் பகுதியின் இயக்கமும் கூடியது. அதாவது, அந்த மந்தம் குறைவாக வாசித்ததன் விளைவு.

வாசிப்பை வைத்து அறிவை அளப்பதும் தவறு. டிஸ்லெக்சியா இருந்தால் கட்டாயம் ஏதோ ஒரு மேதைமை ஒளிந்திருக்கும் என்று பிள்ளையின் தலையில் எதிர்பார்ப்பை ஏற்றுவதும் தவறு.

"வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று காத்திருப்பது மற்றொன்று. தானாகச் சரியாவதில்லை, ஆனால் கற்பித்தால் மூளை மாறுகிறது. 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 8 வாரத் தீவிர வாசிப்புப் பயிற்சியில் பிள்ளைகளின் வாசிப்பு மேம்பட்டது. மூளைப் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகளிலும் மாற்றம் தெரிந்தது. எனவே சந்தேகம் வந்த உடனே மதிப்பீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். முடிவு வரும்வரை வகுப்பில் எல்லார் முன்னும் உரக்க வாசிக்கச் சொல்ல வேண்டாம் என்றும், தேர்வில் கூடுதல் நேரம் தரும்படியும் ஆசிரியரிடம் கேளுங்கள்.