இளம் பிட்ச்சரின் தோள்வலி: எறிந்ததை எண்ணுங்கள்

பேஸ்பாலில் அடிப்பவரை நோக்கிப் பந்தை எறிபவர் பிட்ச்சர். அப்படி ஆடித் தோள்வலி என்று வரும் பிள்ளையிடம், வலிக்கும் இடத்தை ஒரே விரலால் தொட்டுக் காட்டும்படி முதலில் சொல்லுங்கள். தோளின் பின்புறச் சதை பரவலாகக் கனத்து, இரண்டொரு நாளில் தணிந்துவிட்டால் அது பெரும்பாலும் களைப்புதான். ஆனால் 11 முதல் 16 வயதுக்குட்பட்டவர் தோளுக்குச் சற்றுக் கீழே, மேல்கையின் வெளிப்புறத்தில் விரலை வைத்து, எறியும்போதெல்லாம் இங்கேதான் வலிக்கிறது என்றால், அதைச் சதைப்பிடிப்பு என்று தள்ளிவிடக் கூடாது. மேல்கை எலும்பின் உச்சியில், எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டு இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும் வயது அது. ஓயாத எறிதலால் அந்தத் தட்டு நைந்து அகன்றுவிடுவதை 'லிட்டில் லீக் தோள்' என்பார்கள்; லிட்டில் லீக் என்பது சிறுவர் பேஸ்பால் அமைப்பு.

அன்றே எறிவதை நிறுத்தி, எலும்பு மருத்துவரிடம் காட்டி, இரு தோள்களையும் எக்ஸ்ரே எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். உறுதியானால், ஏறத்தாழ 3 மாதம் எறியாமல் இருப்பதே முதன்மையான சிகிச்சை. வலி மாத்திரையை விழுங்கிவிட்டு ஆட்டத்தில் இறங்குவது காயத்தை மறைத்துப் பெரிதாக்கும். காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் ஆச்சிமார் எண்ணெய் தடவி நீவிவிடுவதுண்டு. தடவுவதோடு நிறுத்திக்கொள்ளட்டும், கையை இழுத்துச் சொடுக்க வேண்டாம். கை மரத்துப்போனாலோ தூக்கவே முடியாவிட்டாலோ ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

இந்த வலிக்குப் பெரும்பாலும் எண்ணிக்கையே காரணம். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான மேஜர் லீக் பேஸ்பாலும் அந்நாட்டு பேஸ்பால் அமைப்பான யுஎஸ்ஏ பேஸ்பாலும் 2014இல் வெளியிட்ட 'பிட்ச் ஸ்மார்ட்' நெறிமுறை, 13 முதல் 16 வயதினருக்கு ஒரு நாளில் 95 பிட்ச்சுகளையே (பிட்ச்சரின் எறிதல்களையே) உச்சவரம்பாக வைக்கிறது. 14 வயதுவரை உள்ளவர் 66ஐத் தொட்டாலே 4 நாள் ஓய்வு என்கிறது. பிட்ச்சராக ஆடியவரை அதே ஆட்டத்தில், அடிப்பவருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சராக நிறுத்துவதும் கூடாது. நம் பிள்ளைகளோ சனிக்கிழமை பிட்ச்சராக ஆடிவிட்டு, ஞாயிறு பொட்டலில் கிரிக்கெட் ஆடி, எல்லைக்கோட்டிலிருந்தும் எறிகிறார்கள். ஸ்கோர் புத்தகத்தில் ஏறாத அந்த எறிதல்களைத் தோள் மட்டும் கணக்கில் வைத்துக்கொள்கிறது. கால்சட்டையின் வலப்பையில் புளியங்கொட்டைகளைப் போட்டுக்கொண்டு, எறிதலுக்கு ஒன்றாக இடப்பைக்கு மாற்றினால் கணக்குத் தப்பாது.

மருத்துவர் இசைந்தபின், ரப்பர் பட்டையால் தோள்பட்டைச் சதைகளை வலுப்படுத்திக்கொண்டே, குறைந்த தூரத்தில் மெதுவாக எறியத் தொடங்கலாம். வலி திரும்பினால் அன்றைய பயிற்சியை அங்கேயே நிறுத்திவிட்டு, வலி முற்றிலும் நீங்கிய பிறகு முந்தைய தூரத்திலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.