பழைய ஆம்பிகோவுக்குக் கரண்ட் கொடுக்கும் முன்

ஆம்பிகோ என்பது துளையிட்ட காகித ரோலைப் படித்துத் தானே வாசிக்கும் பியானோ; மின்மோட்டார் ஓட்டும் பம்ப் காற்றை இழுத்துத்தான் கட்டைகளை அசைக்கும். அப்படி நூறு வயசு பியானோ கைக்கு வந்தால் பிளக்கைச் செருகிப் பார்க்கத்தான் கை துறுதுறுக்கும். அதனாலேயே வண்டியிலிருந்து இறக்கியதும் பிளக்கை வெட்டி எடுத்துவிடுவேன்.

கடைசியாக வந்தது 1920களில் செய்த கிராண்ட். அடியில் மல்லாந்து படுத்து, மோட்டார் வயரை விரலால் லேசாக வளைத்தேன். மேலே பருத்தி உறை பளிச்சென்று இருந்தது. உள்ளே இருந்த ரப்பரோ கருகிய அப்பளமாக நொறுங்கி முகத்தில் கொட்டியது. செம்பு வெளியே தெரிந்தது. சுற்றிலும் காய்ந்த மரம், துருத்தித் துணி, தூசி. ஒரு பொறி போதும்.

"வயரும் ஒரிஜினல், தொடாதீங்க" என்பவர்கள் உண்டு. துருத்தித் துணி, ரப்பர் குழாய், வால்வுத் தோல் எல்லாம் புதுசாகப் போடும்போது இவர்கள் வாய் திறப்பதில்லை. வயருக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?

முதலில் மோட்டார் தகட்டைப் படியுங்கள். டி.சி. என்றிருந்தால் அப்படியே நிறுத்துங்கள், இன்றைய ஏ.சி. சப்ளையை நேரே கொடுக்கக் கூடாது. நியூயார்க்கில் 2007 வரைகூட டி.சி. சப்ளை இருந்தது. ஏ.சி. என்றால் 500 வோல்ட் மெக்கரை (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) மோட்டாரின் செம்புச் சுருளான வைண்டிங்குக்கும் மோட்டார் உடலுக்கும் நடுவே வையுங்கள். 1 மெகோமுக்குக் கீழே காட்டினால் நன்றாக உலர்த்தி மறுபடி பாருங்கள். அப்போதும் ஏறவில்லையென்றால் ரீவைண்டிங்தான். புது மோட்டார் மாட்டிவிடாதீர்கள். வேகம் மாறினால் பம்ப் இழுக்கும் காற்று மாறும், வாசிப்பின் ஏற்ற இறக்கம் கெடும். நான் பிடிவாதம் பிடிப்பது இந்த ஒரு இடத்தில்தான்.

வயருக்கு, துணி பின்னிய மூன்று கோர் வயர் இப்போதும் கிடைக்கிறது. பார்வைக்குப் பழசுபோலவே இருக்கும். மூன்றாவது கம்பி மோட்டார் உடலுக்கும் ஸ்விட்ச் பெட்டிக்கும் எர்த். லைனில் ஒரு ஸ்லோ-புளோ ஃபியூஸ், அதாவது மோட்டார் கிளம்பும்போது ஒரு நொடி ஏறும் கரண்டுக்கு உடனே போய்விடாத வகை. பழைய ஸ்விட்ச் நியூட்ரலை மட்டும் துண்டிப்பதாக இருக்கலாம். அணைத்த பிறகும் மோட்டாரில் கரண்ட் நிற்கும். ஸ்விட்சைக் கழற்ற மனசு வராது, எனக்கும்தான். அதை 12 வோல்ட் ரிலேவுக்கு (சின்ன வோல்ட்டில் இயங்கி மோட்டாரின் கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) மாற்றிவிடுவேன். 'டக்'கென்ற அதே சத்தம், ஆனால் விரலுக்குப் பக்கத்தில் 120 வோல்ட் இல்லை. சுவரில் ஜி.எஃப்.சி.ஐ. பிளக் பாயின்ட் கட்டாயம். 5 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும்.

கழற்றிய வயரையும் வெட்டிய பேக்லைட் பிளக்கையும் ஒரு பையில் போட்டு, எது எங்கே இருந்தது என்று சீட்டு எழுதி, பியானோவுக்குள்ளேயே கட்டிவைத்துவிடுங்கள்.