எட்டு போட்டால் மட்டும் போதுமா? கடலோரச் சாலைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம் பக்கம் வண்டி ஓட்டுவது சுலபம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மலை கிடையாது, கொண்டை ஊசி வளைவு கிடையாது. தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, சாயல்குடி என்று கிழக்குக் கடற்கரைச் சாலை பெரும்பாலும் சமதரையிலேயே போகிறது. அதனாலேயே கை ஸ்டியரிங்கில் இருக்க, நினைப்பு எங்கோ போய்விடுகிறது.

முதல் தவறு கற்றுக்கொள்ளும்போதே நடக்கிறது. கால் ஊன்றாமல் எட்டு போட்டுக் காட்டினால் லைசென்ஸ் வந்துவிடும் என்பதால், எட்டு போட மட்டும் பழகுகிறார்கள். எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) எடுத்து 30 நாள் கழிந்தால் தேர்வுக்குப் போகலாம். ஆனால் அது 6 மாதம் செல்லும், அவசரமே இல்லை. நன்றாக ஓட்டத் தெரிந்த, லைசென்ஸ் உள்ள ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் நெரிசலிலும், மழையிலும், எதிர் விளக்கு கண்ணில் அடிக்கும் இரவிலும் ஓட்டிப் பழகுங்கள். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தால், நெடுஞ்சாலைக்குக் கூட்டிப் போவார்களா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அப்புறம் பாம்பன் பாலம். 1988-ல் திறந்த இந்தச் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை, அவ்வளவுதான். கீழே படகுகள் போவதற்காக நடுப்பகுதியை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். ஏறும்போது உச்சிக்கு அந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்று தெரியாது. அங்கேதான் காரை நிறுத்தி, ரோட்டுப் பக்கக் கதவைத் திறந்து, குழந்தையோடு இறங்கிப் படம் எடுக்கிறார்கள். 2025-ல் புது ரயில் பாலம் திறந்த பிறகு, ரயில் வருகிறது என்றால் இன்னும் கூட்டம். நிற்கும் காரைத் தாண்டப் பின்னால் வரும் பஸ் எதிர் வரிசைக்குள் போயாக வேண்டும். ரயிலைப் பார்க்கும் ஆசை யாருக்கும் இருக்கும்தான். பாலத்துக்கு முன்போ பின்போ தோதான இடத்தில் வண்டியை விட்டுவிட்டுக் கரையிலிருந்து பாருங்கள்.

பைக்கில் பாலம் ஏறுபவர்களுக்குக் காற்று இன்னொரு சோதனை. பெரிய வண்டி பக்கத்தில் வரும்போது காற்று மறைந்து, அது கடந்ததும் பழையபடி பக்கவாட்டில் அறையும். வேகமாகப் போனால் வண்டி சட்டென்று விலகிவிடும். வேகத்தைக் குறைத்து, பாலத்தின் கைப்பிடிச் சுவரை ஒட்டிப் போகாமல் உங்கள் வரிசையின் நடுவில் ஓட்டுங்கள்.

தனுஷ்கோடிக்கு அந்தப் பக்கம் அரிச்சல்முனை வரை தார் ரோடு இருக்கிறது. இரண்டு பக்கமும் கடல், நேர் ரோடு, கை தானாக முறுக்கும். காற்று அடித்துக் கொண்டுவரும் மணல் தாருக்கு மேல் மெல்லிசாகப் படிந்திருக்கும், பக்கத்தில் போனால்தான் தெரியும். அதன் மேல் முன் பிரேக்கைப் பிடித்தால் முன் சக்கரம் வழுக்கிவிடும். மணலுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். மணலில் ஏறிய பிறகு ஹேண்டிலை நேராக வைத்து, பிரேக்கைத் தொடாமல் கடக்க வேண்டும். மீன் வண்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகிய திருப்பங்களிலும் இப்படித்தான்.

போனைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி போனைப் பார்த்தால் 50 மீட்டர் பார்க்காமலே ஓட்டியிருப்பீர்கள். சீமைக்கருவேல மறைவிலிருந்து ஓர் ஆடு குறுக்கே வர அதில் பாதி நேரம் போதும்.

ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் விடியலில் குளிக்க வேண்டும் என்று கோயம்புத்தூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் இரவெல்லாம் ஓட்டி வருகிறார்கள். பகல் முழுக்க வேலை பார்த்தவரே டிரைவராகவும் இருப்பார். ராமநாதபுரம் தாண்டியதும் "இன்னும் ஒரு மணி நேரம்தானே" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓட்டுவார். டீயும் பாட்டும் கொஞ்ச நேரம் தாங்கும், தூக்கத்தைப் போக்காது. கொட்டாவி தொடர்ந்து வந்தாலோ, கடந்த ஊரின் பெயர் நினைவில் இல்லையென்றாலோ, பெட்ரோல் பங்க்கில் ஓரங்கட்டி இருபது நிமிடம் தூங்குங்கள். கூட வருபவர்களும் தூங்காமல் டிரைவரின் முகத்தைக் கவனியுங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது பையன்களிடம் சாவியைக் கொடுப்பது. பத்தாம் வகுப்புப் பையன், பின்னால் இரண்டு பேர், ஹெல்மெட் இல்லை. "இந்தா இருக்கிற கடைக்குத்தானே" என்கிறார் அப்பா. 2019 சட்டத் திருத்தப்படி சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. சட்டத்தை விடுங்கள், அந்தப் பிள்ளைக்கு பிரேக் பிடிக்கும் தூரம்கூட யாரும் சொல்லித்தரவில்லையே. 18 ஆகட்டும், எல்எல்ஆர் எடுக்கட்டும். அப்புறம் நீங்களே பின்னால் உட்கார்ந்து ஓட்டச் சொல்லிப் பாருங்கள்.